வன்கொடுமை: ஒரு சொல்லும் நம் ஊரும்

(கோவை காந்திபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்தச் சொல், வன்கொடுமை.

தினமும் நாளிதழில் வாசிக்கிற சொல். தொலைக்காட்சியின் அடிவரியில் ஓடுகிற சொல். அதைக் கேட்டதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? அரிவாள் நினைவுக்கு வருகிறது. எரிந்த குடிசை நினைவுக்கு வருகிறது. தண்டவாளத்தில் கிடந்த உடல் நினைவுக்கு வருகிறது. நினைவுக்கு வந்ததும் என்ன செய்கிறோம்? "ஐயோ பாவம்" என்கிறோம். அது எங்கோ நடந்தது, யாரோ செய்தது என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு டீ டம்ளர் இருக்கிறது. ஒரு நாற்காலி இருக்கிறது. ஒரு ஜோடிச் செருப்பு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் போட்ட ஒரு தட்டுச் சோறு இருக்கிறது. நரைத்த தலைக்காரரைப் பார்த்து ஒரு பொடியன் சொல்லும் "டேய்" இருக்கிறது. இதையெல்லாம் நான் சேர்த்துச் சொல்லவில்லை. இந்த நாட்டின் சட்டம் சேர்த்துச் சொல்கிறது. அரிவாளையும் டம்ளரையும் ஏன் ஒரே சொல்லில் வைத்தார்கள்? இந்த ஒரு கேள்விதான் இன்று நம் முன்னால் இருக்கிறது.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். வன்மையும் கொடுமையும் சேர்ந்தது வன்கொடுமை. கொடுமைக்கு வேர் 'கொடு'. பழந்தமிழில் கொடு என்றால் வளைந்தது. வளைந்த வாள் கொடுவாள். சுருண்டு வளைந்த காய் காய்க்கும் மரம் கொடுக்காய்ப்புளி. நேராக நிற்கும் அரசாட்சி செங்கோல். வளைந்துபோன அரசாட்சி கொடுங்கோல். வள்ளுவர் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வைத்து, அதற்கு அடுத்ததாகவே கொடுங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். ஆகவே கொடுமை என்ற சொல்லின் அடியில் ரத்தம் இல்லை, கோணல் இருக்கிறது. எல்லோருக்கும் நேராக நடக்க வேண்டிய ஒன்று சிலருக்கு மட்டும் வளைகிறதே, அதுதான் கொடுமை. அந்த வளைவைப் பலத்தால் நிலைநிறுத்தினால் வன்கொடுமை.

இன்றைக்கு இந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறோம்? வெயில் கொடுமை என்கிறோம். கிராஸ்கட் ரோட்டு நெரிசல் கொடுமை என்கிறோம். ஒரு சினிமா வசனம் வந்த பிறகு கொடுமை என்றாலே சிரிக்கவும் பழகிவிட்டோம். கொடுமை இப்படித் தேய்ந்துவிட்டதால்தானோ என்னவோ, அதன் முன்னால் ஒரு 'வன்' தேவைப்பட்டது. அந்த வன்கொடுமையும் இப்போது செய்தித்தாளில் பெரும்பாலும் 'பாலியல்' என்ற அடைமொழியோடுதான் வருகிறது. பெண்களுக்கு நடக்கும் அந்தக் கொடூரத்துக்கு அந்தச் சொல் பொருந்தும். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு முன்பே ஒரு வேலை இருந்தது. சாதியின் பேரால் மனிதரை இழிவுபடுத்துவதைச் சுட்டும் வேலை. அதைச் சொல்லத்தான் சட்டப் புத்தகத்தில் அது ஏறியது. அந்தப் பொருள் நம் நாவிலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது.

சட்டம் எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம்.

1950-இல் அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976-இல் அதைத் திருத்தி, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். கிணறு, கோவில், ஓட்டல் இங்கெல்லாம் தடுக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். சரி, தடுக்கக் கூடாது என்று சொன்னதும் என்ன நடந்தது? கேட்காமல் ஒதுங்கி நின்றவரை விட்டார்கள். உரிமை என்று கேட்டவரை அடித்தார்கள். நிலத்தைக் கேட்டால் அடி. கூலியைக் கேட்டால் தீ. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். கூலி உயர்வு கேட்ட தொழிலாளர்களின் குடும்பங்கள் அவை. பெண்களும் குழந்தைகளுமே அதிகம். நாட்டின் மற்ற மூலைகளிலும் இப்படியே நடந்தது. தீண்டாமையைத் தடுக்கும் சட்டம் மட்டும் போதாது, உரிமை கேட்பவர் மீது விழும் அடியைத் தடுக்கும் சட்டம் வேண்டும் என்று உணர்ந்து கொண்டுவந்ததுதான் 1989-இன் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைகள் தடுப்புச் சட்டம். அது நடைமுறைக்கு வந்த நாள் 1990 ஜனவரி 30. காந்தி சுடப்பட்ட நாள். அவர் பெயரைத் தாங்கிய இந்த வட்டாரத்தில் நின்று அந்தத் தேதியைச் சொல்லாமல் என்னால் கடந்துபோக முடியவில்லை.

2015-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி விரித்தார்கள். 2016 ஜனவரி 26 முதல் அது அமலில் இருக்கிறது. அந்தப் பட்டியலை எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்? கொஞ்சம் சொல்கிறேன், கேளுங்கள்.

தலையை மழிப்பது வன்கொடுமை. மீசையை எடுப்பது வன்கொடுமை. செருப்பு மாலை போடுவது வன்கொடுமை. பொதுக் குழாயில், குளத்தில், கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாமல் தடுப்பது வன்கொடுமை. பாசன நீரை மறுப்பது வன்கொடுமை. சுடுகாட்டை மறுப்பது வன்கொடுமை. செத்த மாட்டைத் தூக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது, குழி வெட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது வன்கொடுமை. செருப்புப் போட்டு நடக்காதே, புதுத்துணி உடுத்தாதே, சைக்கிளிலோ வண்டியிலோ ஏறிப் போகாதே, கல்யாண ஊர்வலம் வராதே என்பது வன்கொடுமை. கடையில் சாமான் தராதே, வேலை தராதே என்று ஊர்க்கட்டுப்பாடு போடுவது வன்கொடுமை. பலர் பார்க்கும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது வன்கொடுமை. தேர்தலில் நிற்க விடாமல் தடுப்பதும், ஜெயித்து வந்த ஊராட்சித் தலைவரை வேலை செய்ய விடாமல் தடுப்பதும் வன்கொடுமை.

இந்தப் பட்டியலை எழுதியவர்கள் கற்பனையில் எழுதவில்லை. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது, ஓர் ஆள் இருக்கிறார். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவியே தரையில் உட்கார்ந்திருந்த படம் நாடெங்கும் பரவியது. அதே ஆண்டில் நம் கோவை மாவட்டத்து ஜெ.கிருஷ்ணாபுரத்திலும் ஊராட்சித் தலைவி ஒருவர், நாற்காலியில் உட்காரக் கூடாது என்று மிரட்டப்படுவதாகப் புகார் கொடுத்தார். வாக்குச் சீட்டில் ஜெயித்தவருக்கு நாற்காலி கிடைக்கவில்லை!

இனி நம் பக்கத்து ஊர்க் கதை ஒன்று. காந்திபுரம் பஸ் நிலையத்தில் அவிநாசி பஸ் ஏறி, அங்கிருந்து சேவூர்ப் பக்கம் போனால் திருமலைக்கவுண்டம்பாளையம் வரும். அங்கே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. 2018 ஜூலையில் அந்தப் பள்ளியின் சத்துணவுக் கூடத்துக்குச் சமையலராக ஓர் அம்மா மாற்றலாகி வந்தார். அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்தவர். அவர் வந்ததும் ஊரில் சிலர் திரண்டார்கள். "இவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது, பள்ளிக்கே அனுப்ப மாட்டோம்" என்றார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சத்துணவுக் கூடத்தின் காலை எப்படி இருக்கும்? பெரிய அண்டாவில் உலை கொதிக்கிறது. அரிசி களைந்து போட வேண்டும். சாம்பாருக்குக் காய் நறுக்க வேண்டும். முட்டையை வேகவைத்து உரிக்க வேண்டும். மணி அடிப்பதற்குள் எல்லாம் முடிய வேண்டும். அத்தனை பிள்ளைகளின் பசியையும் மனதில் வைத்து ஒரு பெண் அடுப்படியில் நிற்கிறார். அவருடைய கை சுத்தமா என்று யாரும் கேட்கவில்லை. சாப்பாடு ருசியா என்று கேட்கவில்லை. பிறப்பைக் கேட்டார்கள்.

அதிகாரிகள் என்ன செய்தார்கள்? எதிர்த்தவர்களைத் தட்டிக் கேட்பதற்கு முன்னால், சமைக்க வந்தவரை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். பிரச்சினை செய்தவர் அங்கேயே இருக்க, பிரச்சினைக்கு ஆளானவரை அப்புறப்படுத்துவது! இதைத்தான் நம் அலுவலகங்களில் 'சுமுகத் தீர்வு' என்கிறார்கள். செய்தி வெளியே வந்து எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அந்த மாற்றல் உத்தரவு ரத்தானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது.

இந்தச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 60 நாளில் குற்றப்பத்திரிகை. கூடுமானவரை அதிலிருந்து இரண்டு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும். அந்த அம்மாவுக்குத் தீர்ப்பு எப்போது வந்தது? 2025 நவம்பர் மாதக் கடைசியில். ஏழு ஆண்டுகள் கழித்து. திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. மற்றவர்கள் விடுதலையானார்கள். அன்று ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளை, தீர்ப்பு வந்தபோது பள்ளியை முடித்தே வெளியேறியிருக்கும்.

அந்த ஏழு ஆண்டும் அந்த அம்மா அதே வட்டாரத்தில்தான் வாழ்ந்தார். அதே கடைத்தெருவில், அதே மனிதர்கள் நடுவில். ஆறு பேருக்குத் தண்டனை கிடைத்தது என்ற செய்தியில் நான் மகிழ்ந்ததைவிட, ஏழு ஆண்டு ஒரு சமையல்காரப் பெண் பின்வாங்காமல் நின்றாரே என்பதில்தான் அதிகம் நெகிழ்ந்தேன். எத்தனை பேர் சமாதானம் பேச வந்திருப்பார்கள்! பட்டினி கிடக்கும் பிள்ளை பள்ளிக்கு வரவேண்டும் என்று 1956-இல் காமராசர் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய திட்டம் இது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சோற்றைத் தின்னும் இடம் அது. அந்த வரிசையைக் காத்தவர் அந்த அம்மா.

அடுத்து டம்ளருக்கு வருகிறேன்.

இரட்டை டம்ளர் என்றால் இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டீக்கடையில் ஊராருக்குக் கண்ணாடி டம்ளர். ஊருக்கு வெளியே வளவில் குடியிருப்பவருக்குத் தனியாக ஒன்று, அல்லது கொட்டாங்குச்சி. குடித்தவரே கழுவி வைத்துவிட்டுப் போக வேண்டும். "அதெல்லாம் அந்தக் காலமுங்க" என்று சொல்வார்கள். உண்மைதான், பல ஊரில் அது போய்விட்டது. அதற்காகப் போராடி அடி வாங்கியவர்களால் போனது. சில ஊரில் வேறு வேடம் போட்டிருக்கிறது. நம் மாவட்டத்து ஊர் ஒன்றில் நானே பார்த்தேன்; ஊர்ப்பெயர் வேண்டாம். கடைக்காரர் வருகிற ஒவ்வொருவரின் முகத்தையும் ஒரு நொடி பார்க்கிறார். சிலருக்குக் கை தானாகக் கண்ணாடி டம்ளருக்குப் போகிறது. சிலருக்குப் பேப்பர் கப்புக்குப் போகிறது. ஒரு வார்த்தை பேச்சில்லை, சண்டையில்லை. காட்டு வேலை முடித்து வந்த ஒரு பெரியவர், கப்பை வாங்கிக்கொண்டு, பெஞ்சில் இடம் இருந்தும் உட்காராமல், சாலையோரத்துப் புளியமரத்தடிக்குப் போய் நின்று குடித்தார். குடித்து முடித்ததும் கப்பைக் கசக்கி எறிந்தார். கழுவி வைக்கச் சொல்லும் பழைய அவமானம் அவருக்கு இல்லை. ஆனால் அந்தக் கடைக்காரரின் கண் அவரை அளந்ததே, அந்த ஒரு நொடி அப்படியே இருக்கிறது.

இப்போது பேச்சுக்கு வருகிறேன். இதுதான் என் நெஞ்சில் அதிகமாக அறுக்கிற இடம்.

கொங்கு நாட்டுக்காரர் நாம் மரியாதைக்குப் பேர் பெற்றவர்கள். வாங்க, போங்க, சொல்லுங்க, ஏனுங்க. மூன்று வயதுக் குழந்தையைக்கூட "வாங்க கண்ணு, சாப்பிடுங்க அம்மிணி" என்று அழைக்கிற மண் இது. வெளியூர்க்காரர் நம்மைப் பற்றிச் சொல்லும் முதல் நல்ல வார்த்தை இந்த 'ங்க'தான். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் அந்த 'ங்க' யாருக்கு? நம் தோட்டத்துச் சாளைக்கு வேலைக்கு வருகிற அறுபது வயதுப் பெரியவருக்கு அது உண்டா? அவரைப் பேர் சொல்லித்தானே கூப்பிட்டோம்? "டேய், வாடா, போடா" என்றுதானே நம் வீட்டுப் பொடியனும் கூப்பிட்டான்? அவர் அந்தப் பொடியனுக்கு என்ன பதில் சொன்னார்? "சொல்லுங்க சாமி" என்றார். மூன்று வயதுக்கு 'ங்க', அறுபது வயதுக்கு 'டா'. இது எந்த இலக்கணம்?

அந்தப் பெரியவரின் பாட்டன் யார் தெரியுங்களா? பைக்காரா மின்சாரமும் பம்ப்செட்டும் வருவதற்கு முன்னால், நம் மேட்டுக்காட்டுக் கிணறுகளில் மாட்டைக் கட்டிக் கவலை ஓட்டித்தானே தண்ணீர் இறைத்தோம்? அந்தக் கவலைக்குத் தோல் பறி தைத்துக் கொடுத்தவர் அவர். கிழிந்தால் ஒட்டுப்போட்டுக் கொடுத்தவர் அவர். பறி இல்லாமல் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாமல் பருத்தி இல்லை. பருத்தி இல்லாமல் கோவையில் மில் இல்லை. அந்தப் பறியைத் தைத்த மக்களின் சாதிப் பெயரை நம் ஊரில் வசவாக வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் சண்டை போட்டால்கூட அதைச் சொல்லித் திட்டிக்கொள்கிறார்கள். அந்த வசவை நான் இந்த மேடையில் உச்சரிக்க மாட்டேன். உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பதுதான் வேதனை.

"அது அவங்க சாதிப் பேருதானுங்களே, பேரைச் சொன்னா தப்புங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. 2008-இல் சுவரண் சிங் வழக்கில், ஒரு சொல்லுக்கு அகராதி என்ன மூலப்பொருள் சொல்கிறது என்று பார்க்காதீர்கள், இன்றைக்கு மக்கள் அதை எந்தப் பொருளில் வீசுகிறார்கள் என்று பாருங்கள் என்றது. 2011 ஏப்ரல் 19-இல், தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில், நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் கியான் சுதா மிஸ்ராவும் அதையே நம் தமிழ்ச் சாதிப் பெயர்களுக்கும் சொன்னார்கள்: இழிவுபடுத்தும் நோக்கத்தோடு சொன்னால் சாதிப் பெயரும் குற்றமே. அதே தீர்ப்பில் இரட்டை டம்ளரையும் கண்டித்து, அதைக் கடைப்பிடிப்பவர்கள் மீது வழக்குப் போட வேண்டும் என்றார்கள். டீ டம்ளர் டெல்லி வரை போய்த் தீர்ப்பு வாங்கி வந்திருக்கிறது, அன்பர்களே!

நல்ல எண்ணத்தோடு வைத்த பெயருக்கும் இந்த விதிதான். காந்தி 'அரிஜன்' என்றார். அந்தப் பெயரோடு ஊர் ஊராகச் சுற்றினார். 1934-இல் நம் கோவைப் பக்கமும் வந்தார். அவர் மனதில் அன்பு இருந்தது. ஆனால் அந்தப் பெயரால் அழைக்கப்பட்டவர்கள் "எங்களுக்கு இது வேண்டாம்" என்றார்கள். அம்பேத்கர் அன்றே ஏற்கவில்லை. 2017-இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சொல் இன்று அவமதிக்கவே பயன்படுகிறது என்று குறிப்பிட்டது. அழைக்கப்படுகிறவர் வேண்டாம் என்றால் வேண்டாம். அங்கே அழைப்பவரின் நல்ல எண்ணம் முடிவு செய்வதில்லை.

'காலனி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் சாயிபாபா காலனி. வடக்கே போனால் என்.ஜி.ஜி.ஓ. காலனி. "நான் சாயிபாபா காலனியில் இருக்கிறேன்" என்று சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். அதே சொல்லை ஒரு கிராமத்துப் பிள்ளை கல்லூரியில் சொல்லட்டும்: "எங்க வீடு காலனியில." கேட்பவரின் முகம் மாறுகிறதா இல்லையா? எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, மரியாதை இரண்டு. இதனால்தான் 2025 ஏப்ரல் 29-இல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அந்தச் சொல் நீக்கப்படும் என்று சட்டப்பேரவையில் அறிவித்தார். நல்ல முடிவு, வரவேற்கிறேன். ஆனால் பலகையில் பெயர் மாறினால் மட்டும் போதுமா? தெருவிளக்கும் சாக்கடையும் குடிதண்ணீரும் சாயிபாபா காலனியைப் போலவே அங்கும் வரவேண்டாமா?

இன்னொரு சொல்வழக்கையும் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் இந்தச் சட்டத்துக்குப் பெயர் என்ன? 'பி.சி.ஆர்.' 1976-இன் பழைய சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம் அது. புதுச் சட்டம் வந்து முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாகியும் அந்தப் பெயர்தான். அதை எப்படிச் சொல்கிறார்கள்? "அவன்கிட்ட வெச்சுக்காதீங்க, பி.சி.ஆர்ல போட்டுருவான்." கவனித்தீர்களா? இந்த வாக்கியத்தில் குற்றம் செய்தவர் காணாமல் போய்விட்டார். புகார் கொடுப்பவர் பயமுறுத்துகிறவர் ஆகிவிட்டார். அடி வாங்கியவரைப் பார்த்து ஊரே பயப்படுவதுபோல ஒரு பேச்சு. இந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று நம் கொங்கு மேடைகளிலேயே முழங்கியிருக்கிறார்கள்.

பொய் வழக்கே வராதா? வரும். எந்தச் சட்டத்தில்தான் வரவில்லை? திருட்டு வழக்கில் பொய்ப் புகார் வருகிறது என்பதற்காகத் திருட்டுச் சட்டத்தையே தளர்த்தச் சொல்வோமா? 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு, முன்விசாரணை, முன் அனுமதி என்று இந்தச் சட்டத்தைத் தளர்த்தியது. நாடு கொந்தளித்தது. நாடாளுமன்றம் அதே ஆண்டில் திருத்தம் கொண்டுவந்து பழைய பலத்தை மீட்டது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. இன்றைய நிலை அதுதான். பழைய தீர்ப்பைக் காட்டி யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள்.

இனிச் சொல்லப்போவதைக் குரல் தாழ்த்தித்தான் சொல்ல முடியும். மேட்டுப்பாளையம், நடூர். 2019 டிசம்பர் 2, அதிகாலை. விடாத மழை. ஒரு பெரிய வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் இடிந்து பக்கத்து ஓட்டு வீடுகளின் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் செத்தார்கள். எல்லோரும் அருந்ததியர். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். டீக்கடையில் வேலை செய்து மகனையும் மகளையும் படிக்கவைத்த ஒரு தந்தை, இரண்டு பிள்ளைகளையும் ஒரே இரவில் இழந்தார். அந்த நிலையிலும் இருவரின் கண்களையும் தானம் செய்யச் சொன்னார்.

அந்தச் சாவுக்கு என்ன பெயர்? முதலில் பதிவானது கவனக்குறைவால் ஏற்பட்ட மரணம் என்று. அந்தத் தெரு மக்கள் அதைத் தீண்டாமைச் சுவர் என்றார்கள். எங்களைக் கண்ணில் படாமல் மறைக்கத்தான் இவ்வளவு உயரம் என்றார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடுங்கள் என்று கேட்டுச் சாலையில் உட்கார்ந்தவர்கள் தடியடி பட்டார்கள், கைதானார்கள். ஒரு சொல்லுக்காக அடி வாங்கினார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். கவனக்குறைவு என்றால் அது மழையின் குற்றம், சிமெண்டின் குற்றம். வன்கொடுமை என்றால், சுவர் ஏன் அங்கே எழும்பியது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லித்தான் அவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது என்பது என் முடிவு.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அரிவாளையும் டம்ளரையும் ஏன் ஒரே சொல்லில் வைத்தார்கள்? ஒரு கை டம்ளரைப் பிரிக்கிறது. அதே ஊரில் வளர்ந்த இன்னொரு கை, சாதி தாண்டிக் காதலித்தால் அரிவாளை எடுக்கிறது. 2016 மார்ச் 13-இல் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், சாதி தாண்டி மணந்த சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். பக்கத்தில் இருந்த மனைவி கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். வெட்டியவர்கள் வேறு கிரகத்திலிருந்து வரவில்லை. இவன் நம்மோடு சமமாக உட்காரக் கூடாதவன் என்று டீக்கடை சொல்லிக்கொடுத்தது; பள்ளியின் சாப்பாட்டு வரிசை சொல்லிக்கொடுத்தது; வீட்டுத் திண்ணையில் நாம் சொன்ன 'டேய்' சொல்லிக்கொடுத்தது. சின்னது என்று நாம் விட்டது அங்கே போய் நிற்கிறது. அதனால்தான் சட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தது. சரியாகத்தான் வைத்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள்.

2015 ஜூன் 23-இல் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோவிலுக்குப் போன கோகுல்ராஜ் என்ற பொறியியல் படித்த இளைஞரின் உடல், மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் கிடந்தது. அந்தச் சாதி ஆணவக் கொலை வழக்கு நடந்தபோது முக்கியச் சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். கோவிலின் கண்காணிப்புக் கேமராவில் பதிவான காட்சிதான் வழக்கைத் தாங்கி நின்றது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அவர்களில் எட்டுப் பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. கூட்டம் நிறைந்த கோவில் அது. மனிதர் சொல்ல வேண்டியதைக் கேமரா சொன்னது.

டீக்கடையில் கேமரா இல்லை. சத்துணவுக் கூடத்தில் கேமரா இல்லை. ஊராட்சி அலுவலகத்து நாற்காலிக்கு மேலே கேமரா இல்லை. அங்கே நீங்கள் இருக்கிறீர்கள். ஆகவே கேட்கிறேன்: பார்த்தால் சொல்லுங்கள். புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகத் தரவேண்டும்; கேட்டு வாங்கிக் கொடுங்கள். டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். வேறு யாராவது வந்தால் ஏன் என்று கேளுங்கள். கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு என்று சட்டத்தின் 4-ஆவது பிரிவு சொல்கிறது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்காணிப்புக் குழு கூட வேண்டும்; கூடியதா என்று விசாரியுங்கள். 2015 திருத்தத்துக்குப் பிறகு, பாதிக்கப்பட்டவருக்கு மட்டுமல்லாமல் சாட்சிக்கும் பாதுகாப்புக் கேட்கும் உரிமை இருக்கிறது. கட்டணமில்லாத உதவி எண் 14566. உங்கள் கைப்பேசியில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.

முக்கியமாக, பாதிக்கப்படாத சாதியில் பிறந்தவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் சாட்சிதான் நீதிமன்றத்தில் கனமாக விழும். உங்கள் மௌனம்தான் ஊரில் அவர்களைத் தனியாக நிறுத்தும். ஊர்ப் பகை வரும் என்று பயப்படுகிறீர்கள், தெரியும். திருமலைக்கவுண்டம்பாளையத்து அம்மாவுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும். அவர் ஏழு ஆண்டு நின்றார். அடுத்த முறை உங்கள் ஊரில் ஒருவர் அப்படி நிற்கும்போது, அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். சம்மன் வந்தால் போங்கள். கூண்டில் ஏறி, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டு வாருங்கள்.